ஆயிரம் வாட் என்பது எத்தனை வாட்?

சைதாப்பேட்டையில் வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டரோ, தெருக்கோயில் விழாவுக்கு ஒரு மைக் செட்டோ வாங்க நினைப்பவர் பெரும்பாலும் அண்ணா சாலை வழியே வடக்கே சென்று, அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்துக்கு அருகே சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டியுள்ள ரிச்சி தெருவையும் நரசிங்கபுரம் தெருவையும் நாடுகிறார். அத்தகைய மின்னணுச் சந்தைகளில் ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று 60 வாட் என்றும் மற்றொன்று 5,000 வாட் என்றும் தன்னை அறிவித்துக்கொள்வதும், 5,000 வாட் பெட்டியே விலை மலிவாக இருப்பதும் அரிதல்ல. வாட் என்பது மின்விளக்கிலும் மின்விசிறியிலும் எல்லாருக்கும் பழகிய அளவு என்பதால், வாங்குபவர் அந்த எண்ணை ஐயமின்றி நம்பிவிடுகிறார். ஆனால் ஆம்ப்ளிஃபயரின் வாட் எண், அது எந்த மின்தடையில், எவ்வளவு நேரத்துக்கு, எந்த அளவு ஒலிச் சிதைவோடு, எந்த அதிர்வெண் எல்லைக்குள் அளக்கப்பட்டது என்ற நான்கு விவரங்களும் உடன் இருந்தால் மட்டுமே பொருள் தரும். அவை இல்லாத எண்ணைக் கொண்டு ஒரு பெட்டியை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது.

ஆம்ப்ளிஃபயர் என்பது மைக்கிலிருந்தோ கைபேசியிலிருந்தோ வரும் மெல்லிய மின்குறிப்பை, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை அசைக்கும் வலிமை உடையதாக மாற்றித் தரும் கருவி. அந்த வலிமையை அது தானாக உருவாக்குவதில்லை. சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்திலிருந்து பெற்று, இசையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஸ்பீக்கருக்கு அளந்து விடுகிறது. அவ்வாறு ஒரு வினாடியில் கைமாறும் ஆற்றலின் அளவே திறன். அதன் அலகு வாட். ஸ்பீக்கருக்குச் செல்லும் திறனைக் கணக்கிட வேண்டுமானால், அதன் முனைகளில் உள்ள மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி, வரும் தொகையை ஸ்பீக்கரின் மின்தடையால் வகுத்தால் போதும். ஸ்பீக்கரின் தடை அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் இயல்புடையதால் அதை மின்மறுப்பு என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. கடையில் அது 4 ஓம்ஸ், 8 ஓம்ஸ் என்று வழங்குகிறது.

ஒலியின் மின்னழுத்தம் ஒரு நிலையில் நிற்பதில்லை. அது சுழியிலிருந்து உச்சத்துக்கு ஏறி, மறுபுறம் இறங்கி, மீண்டும் ஏறுகிறது. ஆகவே உச்சத்தில் உள்ள மின்னழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டால் ஒரு விடையும், அலை முழுவதன் சராசரியை எடுத்தால் வேறொரு விடையும் வரும். சீரான சைன் அலையில் உச்சத் திறன் சராசரித் திறனைப் போல் சரியாக இரு மடங்கு. விளம்பரங்களில் ஆர்.எம்.எஸ். வாட் என்று சொல்லப்படுவது இந்தச் சராசரித் திறனையே. நுணுக்கமாகப் பார்த்தால் ஆர்.எம்.எஸ். என்ற கணக்கு மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உரியதே தவிர திறனுக்கு உரியதன்று. எனினும் 'தொடர்ந்து தரக்கூடிய சராசரித் திறன்' என்ற பொருளில் அது உலகெங்கும் நிலைத்துவிட்டது, அப்படிப் புரிந்துகொள்வதில் தீங்கும் இல்லை. இங்கே மனத்தில் கொள்ள வேண்டியது, நேர்மையான உச்ச எண் எதுவும் நேர்மையான சராசரி எண்ணின் இரு மடங்கைத் தாண்ட இயலாது என்பதே.

தமிழ்நாட்டில் உள்ளூரிலேயே கோத்துத் தரப்படும் அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபயர்களை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு தெளிவாக விளங்கும். இவற்றில் மிகப் பரவலாகக் காணப்படுவது '12-0-12, 5 ஆம்பியர்' டிரான்ஸ்ஃபார்மர். அதாவது நடுமுனையின் இருபுறமும் 12 வோல்ட் தந்து, 5 ஆம்பியர் மின்னோட்டத்தைத் தாங்கும் மின்மாற்றி. இதன் 12 வோல்ட் மாறுமின்னழுத்தம் டயோடுகள் வழியாக நேர்மின்சாரமாக மாறும்போது அதன் உச்சத்தை, ஏறத்தாழ 16 வோல்ட்டை எட்டுகிறது. ஒலியைப் பெருக்கும் டிரான்சிஸ்டரோ ஐசியோ அதில் இரண்டு மூன்று வோல்ட்டைத் தனக்கென எடுத்துக்கொள்வதால், ஸ்பீக்கரைச் சென்றடையும் அலையின் உச்சம் 13 வோல்ட் அளவில் நின்றுவிடும். அந்த 13 வோல்ட்டை 8 ஓம்ஸ் ஸ்பீக்கரில் வைத்துக் கணக்கிட்டால் உச்சத் திறன் 21 வாட், சராசரித் திறன் பத்தரை வாட். ஸ்பீக்கர் 4 ஓம்ஸ் ஆனால் சராசரி 21 வாட். இரண்டு பக்கங்களையும் எதிரெதிராக இயக்கும் பிரிட்ஜ் இணைப்பில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 42 வாட் வரை கிடைக்கலாம். இந்த டிரான்ஸ்ஃபார்மரை உள்ளே வைத்துக்கொண்டு, பெட்டியின் முகப்பில் 200 வாட் என்றோ 500 வாட் என்றோ எழுதினால், அதை மெய்ப்பிக்க எந்தத் தொழில்நுட்பத்தாலும் இயலாது. 8 ஓம்ஸ் ஸ்பீக்கரில் ஒரு சேனலுக்கு 200 வாட் சராசரித் திறன் வேண்டுமானால் அலையின் உச்சம் 57 வோல்ட்டை எட்ட வேண்டும்; அதற்கு 42-0-42 அல்லது அதற்கும் மேற்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் தேவை, அது பல கிலோ எடையுள்ள இரும்பும் செம்பும் ஆகும்.

உள்ளே இருக்கும் ஐசியின் எண்ணும் இதே உண்மையைச் சொல்லும். சான்யோ நிறுவனம் வடிவமைத்து, நம் நாட்டுக் கார் ஸ்டீரியோக்களிலும் சிறு ஆம்ப்ளிஃபயர்களிலும் பல்லாண்டு ஆட்சி செய்த எல்.ஏ.4440 என்ற ஐசி, 13.2 வோல்ட் மின்சாரத்தில் 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கத்துக்கு 6 வாட்டும், பிரிட்ஜ் இணைப்பில் 19 வாட்டும் தரும் என்று அதன் தொழில்நுட்பக் குறிப்பேடே கூறுகிறது. அதுவும் ஒலி பத்து விழுக்காடு சிதைந்த நிலையில். அதைவிடப் பெரிய பெட்டிகளில் வரும் 5200, 1943 என்ற டிரான்சிஸ்டர் ஜோடியைப் பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. தோஷிபாவின் குறிப்பேட்டில் இவற்றுக்கு 150 வாட் என்று காணப்படும் எண், டிரான்சிஸ்டரின் உடல் 25 டிகிரி வெப்பத்திலேயே வைக்கப்பட்டிருக்கும்போது அது தாங்கக்கூடிய வெப்ப அளவே அன்றி, ஸ்பீக்கருக்கு அது தரும் ஒலித் திறன் அன்று. இந்த ஜோடியை 100 வாட் ஆம்ப்ளிஃபயரின் இறுதிக் கட்டத்துக்கே அந்நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஆகவே இரண்டு டிரான்சிஸ்டர்களின் 150-ஐயும் கூட்டி 300 வாட் என்று எழுதுவது வெப்பக் கணக்கை ஒலிக் கணக்காக எண்ணிவிடும் பிழை.

இப்பிழைகள் எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது பி.எம்.பி.ஓ. என்ற எண். 'பீக் மியூசிக் பவர் அவுட்புட்' என்பதன் சுருக்கமான இது, டூ இன் ஒன் டேப் ரெக்கார்டர் காலத்தில் பரவி, பின்னர் கணினி ஸ்பீக்கர்களிலும் ஹோம் தியேட்டர்களிலும் குடியேறியது. இதை எப்படி அளக்க வேண்டும் என்று வரையறுக்கும் பொதுத் தரநிலை எதுவும் இல்லாததால், உற்பத்தியாளர் விரும்பிய எண்ணை எழுத எந்தத் தடையும் இருக்கவில்லை. இதற்குச் சொல்லப்படும் சமாதானம், பெட்டிக்குள் உள்ள கெப்பாசிட்டர்கள் மின்னாற்றலைச் சேமித்து வைத்து, இசை திடீரென உயரும்போது கண நேரத்துக்கு அதை ஒருசேரக் கொட்டும் என்பது. கெப்பாசிட்டர் அவ்வாறு சேமிப்பது உண்மையே. ஆனால் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மேலே கண்ட 16 வோல்ட் ஆம்ப்ளிஃபயரில் 4,700 மைக்ரோஃபாரட் அளவுள்ள இரண்டு கெப்பாசிட்டர்கள் இருப்பதாகக் கொண்டால், அவை இரண்டும் சேர்ந்து வைத்திருக்கும் ஆற்றல் 1.2 ஜூல் மட்டுமே. அதை ஆயிரம் வாட் வேகத்தில் செலவழித்தால் ஏறத்தாழ ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் தீர்ந்துவிடும். அந்தச் சிறு நேரத்துக்குக்கூட 16 வோல்ட் அழுத்தம் 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குள் 32 வாட்டுக்கு மேல் தள்ள முடியாது என்பதால், ஆயிரம் என்ற எண் அந்தப் பெட்டியில் எந்தக் கணத்திலும் நிகழ்வதில்லை.

வாங்குபவர் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது என்பதால், பின்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள சிறு தகட்டைப் பார்ப்பதே அவருக்கு எளிய வழி. முகப்பில் பெரிய எழுத்தில் உள்ள எண் விற்பனைப் பிரிவு எழுதியது; பின்புறத் தகட்டில் சிறிய எழுத்தில் உள்ள மின்செலவு எண் மின் பாதுகாப்பு விதிகளுக்காக எழுதப்பட்டது. மின்சாரத்திலிருந்து 60 வாட் மட்டுமே எடுக்கும் கருவி, தொடர்ந்து 60 வாட்டுக்கு மேல் வெளியே தர இயலாது. ஆற்றல் அழியாமை விதி அதற்கு இடம் தருவதில்லை. மரபான ஏ.பி. வகை ஆம்ப்ளிஃபயர்கள் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில், மிக மேம்பட்ட நிலையிலும் கோட்பாட்டளவில் 78 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவே ஒலித் திறனாக்க முடியும். எஞ்சியது ஹீட் சிங்க் எனப்படும் அலுமினியத் தகட்டில் வெப்பமாகிறது. இப்போது பரவலாகியுள்ள டி வகை ஆம்ப்ளிஃபயர்கள் டிரான்சிஸ்டரை அதிவேகமாக இயக்கி நிறுத்தும் முறையால் 85, 90 விழுக்காட்டை எட்டுகின்றன. அதனால்தான் சிறிய, எடை குறைந்த, சூடேறாத பெட்டியிலிருந்தும் இன்று மெய்யாகவே பெரிய ஒலியைப் பெற முடிகிறது. 'கனமாக இருந்தால் நல்ல ஆம்ப்ளிஃபயர்' என்ற பழைய அளவுகோல் ஏ.பி. வகைக்குப் பொருந்தும், டி வகைக்குப் பொருந்தாது.

பின்புறத் தகட்டைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒலிக் கருவிகளுக்கான பாதுகாப்புத் தரநிலைகளில் மின்செலவு, முழுத் திறனில் அன்றி, சிதையாத உச்சத் திறனின் எட்டில் ஒரு பங்கில் அளக்கப்படுவது வழக்கம். இசை சராசரியாக அந்த அளவில்தான் கருவியை வேலை வாங்குகிறது என்பது அதன் அடிப்படை. ஆகவே தகட்டில் 60 வாட் என்று இருக்கும் கருவி, சில கணங்களுக்கு 100 வாட்டைத் தொட்டால் அது ஏமாற்று ஆகாது. ஆனால் 60-க்கும் 100-க்கும் உள்ள தொலைவு வேறு, 60-க்கும் 5,000-க்கும் உள்ள தொலைவு வேறு. மின்னணுப் பொருள்களின் கட்டாயப் பதிவுக்காக இந்திய அரசு 2012-இல் பிறப்பித்த ஆணையும் 2,000 வாட்டுக்கு மேற்பட்ட ஆம்ப்ளிஃபயர்கள், 200 வாட்டுக்கு மேற்பட்ட மின்னணு இசை அமைப்புகள் என்று வகைப்படுத்தும்போது, உள்ளே எடுத்துக்கொள்ளும் மின்திறனையே அளவாகக் கொண்டது. வெளிவரும் வாட்டைப் பற்றி நிறுவனங்கள் சொல்வதை அளவாகக் கொண்டிருந்தால், சிறு கணினி ஸ்பீக்கர்களும் அந்தப் பட்டியலுக்குள் வந்திருக்கும். அந்த ஆணை மின்அதிர்ச்சி, தீ ஆகியவற்றிலிருந்து பயனாளரைக் காப்பதற்கானது. ஆகவே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண் ஒட்டப்பட்டிருப்பதால் முகப்பிலுள்ள வாட் எண் உண்மை என்று கொள்ள முடியாது.

அமெரிக்காவில் இந்தச் சிக்கல் முன்பே முற்றி, அதற்கு ஒரு தீர்வும் காணப்பட்டது. அங்கும் உற்பத்தியாளர்கள் 'மியூசிக் பவர்', 'பீக் பவர்' என்று ஆளுக்கொரு கணக்கில் எண்களைப் பெருக்கிக்கொண்டே போனபோது, அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் 1974-இல் வீட்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு ஒரு விதியை வகுத்தது. தொடர்ந்து தரக்கூடிய சராசரித் திறனை, எத்தனை ஓம்ஸில், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு சிதைவோடு என்ற விவரங்களுடன் விளம்பரத்தில் வெளியிட வேண்டும் என்பதே அதன் சாரம். 2024-இல் அந்த விதி மேலும் இறுக்கப்பட்டு, 8 ஓம்ஸ் தடை, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான முழு அதிர்வெண் எல்லை, ஒரு விழுக்காட்டுக்குக் குறைந்த சிதைவு என்ற ஒரே சீரான சோதனை நிலை நிறுவப்பட்டது. இந்தியாவிலும் இத்தகைய விதி வேண்டும். தராசில் எடைக்கல்லைச் சோதிக்கும் அரசு, வாட்டையும் சோதிக்கத் தயங்க வேண்டியதில்லை.

சிதைவு என்ற சொல்லை இங்கே சற்று விரித்துக் காண்பது தகும். ஆம்ப்ளிஃபயர் தன் மின்னழுத்த எல்லையைத் தொடும்போது, அதற்கு மேல் எழ வேண்டிய அலையின் முகடு தட்டையாக வெட்டப்படுகிறது. இதைக் கிளிப்பிங் என்பர். வெட்டுப்பட்ட அலையில், மூல இசையில் இல்லாத மேல் அதிர்வெண்கள் கலந்துவிடுகின்றன. குரல் கரகரக்கிறது, வயலின் கூசுகிறது. ஒரு விழுக்காடு சிதைவு என்பது வெட்டு அப்போதுதான் தொடங்கும் நிலை. பத்து விழுக்காடு என்பது எவரும் உணரக்கூடிய கரகரப்பு. ஒரே ஆம்ப்ளிஃபயரைப் பத்து விழுக்காடு சிதைய விட்டு அளந்தால், ஒரு விழுக்காட்டில் அளப்பதைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடுதலாக வாட் காட்டும். அதையே 8 ஓம்ஸுக்குப் பதிலாக 4 ஓம்ஸில் அளந்தால், மின்சாரப் பகுதி தாங்கும் வரை, எண் இரட்டிப்பை நெருங்கும். நேர்மையாக 50 வாட் தரும் கருவி, எந்தப் பொய்யும் சொல்லாமல், நிபந்தனைகளை மட்டும் மறைத்து, 100 வாட்டுக்கு மேற்பட்ட கருவியாகத் தோன்றுவது இப்படித்தான்.

இவ்வளவும் வாட் எண் உண்மையா என்ற கேள்வியைச் சார்ந்தவை. உண்மையான வாட்டே ஆனாலும் அது காதில் எவ்வளவு ஒலியாகிறது என்பது தனிக் கேள்வி. கடைக்காரரும் வாங்குபவரும் ஒருசேரத் தவறும் இடமும் அதுவே. மனிதச் செவி ஒலியை வாட்டின் நேர்விகிதத்தில் உணர்வதில்லை. ஒலியின் அளவைக் குறிக்கும் டெசிபல் கணக்கில், வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல். அதைக் காது சிறிய உயர்வாகவே உணரும். ஒலி முன்பைப் போல் இரு மடங்கு ஆகிவிட்டது என்று தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது வாட் பத்து மடங்காக வேண்டும். எனவே 50 வாட் பெட்டியை விற்றுவிட்டு 100 வாட் பெட்டி வாங்குபவர், விலையில் காணும் வேறுபாட்டைக் காதில் காணப்போவதில்லை.

வாட்டைவிட ஒலியளவை மிகுதியாகத் தீர்மானிப்பது ஸ்பீக்கரின் உணர்திறன். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் அது எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்ற கணக்கு அது. வீட்டு ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 85 முதல் 90 டெசிபலுக்குள் அமைகின்றன. 88 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர், தான் பெறும் மின்திறனில் அரை விழுக்காட்டுக்கும் குறைவானதையே ஒலியாக்குகிறது. எஞ்சியதெல்லாம் அதன் கம்பிச்சுருளில் வெப்பமாகிப் போகிறது. அப்படியிருந்தும் சைதாப்பேட்டையின் சிறு வீடுகளில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடத்தில், இரண்டு மீட்டர் தொலைவில் அமர்ந்து கேட்பவருக்கு ஒரே ஒரு வாட் 82 டெசிபல் ஒலியைத் தந்துவிடும். அறையின் சுவர்கள் திருப்பி அனுப்பும் ஒலி அதை மேலும் கூட்டும். குடும்பத்தோடு படம் பார்க்கையில் பழகிய ஒலி 70, 75 டெசிபல் என்பதால், அந்தக் கூடத்தில் ஆம்ப்ளிஃபயர் சராசரியாகச் செலவிடுவது ஒரு வாட்டின் சிறு பகுதியே.

அப்படியானால் பெரிய வாட் எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. இசையின் சராசரிக்கும் அதன் முகட்டுக்கும் உள்ள இடைவெளியில் இதற்கான விடை இருக்கிறது. மிருதங்கத்தின் ஒரு தொப்பி அடியோ, கடத்தின் ஒரு சொல்லோ எழும் கணத்தில் ஒலி அதன் சராசரியிலிருந்து 15, 20 டெசிபல் மேலே பாய்ந்து, உடனே இறங்கிவிடும். 20 டெசிபல் என்பது நூறு மடங்கு வாட். சராசரியாகக் கால் வாட்டில் கேட்கும் பாட்டில் அந்த ஒரு அடிக்கு 25 வாட் தேவைப்படலாம். அந்தக் கணத்தில் அது கிடைக்காவிட்டால் முகடு வெட்டுப்பட்டு மிருதங்கம் அட்டைப் பெட்டியாக ஒலிக்கும். ஆம்ப்ளிஃபயரின் வாட் உரத்த ஒலிக்காக என்பதைக் காட்டிலும், இப்படிப்பட்ட கணங்களைச் சிதையாமல் கடப்பதற்காகவே தேவைப்படுகிறது. வீட்டுக் கூடத்துக்கு ஒரு சேனலுக்கு 25, 30 மெய்யான வாட் தாராளம்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மார்கழி சீசன் கச்சேரிகள் நடக்கும் சபா அரங்குகளிலும், கல்யாண மண்டபங்களிலும் கணக்கு மாறுகிறது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். அரங்கின் எதிரொலி இந்த இழப்பைச் சற்று ஈடுசெய்தாலும், 16 மீட்டருக்கு அப்பால் உள்ள வரிசைக்கு 24 டெசிபல் வரை இழப்பு நேரலாம். 97 டெசிபல் உணர்திறன் உள்ள மேடை ஸ்பீக்கரைக் கொண்டு அந்த வரிசையில் சராசரி 85 டெசிபல் வேண்டுமானால் தேவைப்படுவது 16 வாட். அதன் மேல் 15 டெசிபல் முகட்டுக்கு இடம் விட்டால் 500 வாட். ஆகவே நல்ல ஒலியமைப்பாளர் 500 வாட் ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு அதன் முப்பதில் ஒரு பங்கை மட்டும் பெரும்பாலான நேரம் பயன்படுத்துவது வீண் அன்று. அதுவே அவர் தொழிலின் நேர்த்தி. பாட்டு கணீரென்றும் உறுத்தாமலும் ஒலிக்கும் அரங்குகளில் பெரும்பாலும் இத்தகைய ஒதுக்கீடு இருக்கும். காது வலிக்கும் இடங்களில் சிறிய ஆம்ப்ளிஃபயர் அதன் எல்லைக்கு அப்பால் விரட்டப்பட்டுக்கொண்டிருப்பதும் உண்டு.

தெருவில் கட்டப்படும் குழாய் ஸ்பீக்கர் எனப்படும் கூம்பு ஒலிபெருக்கியில் வாட் கணக்கு மக்களை முற்றிலும் வேறு திசையில் ஏமாற்றுகிறது. '30 வாட் குழாய்தானே' என்று எண்ணுவோர், அதன் உணர்திறன் 105 முதல் 110 டெசிபல் வரை இருப்பதை அறிவதில்லை. 107 டெசிபல் குழாய்க்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், அதன் நேர் எதிரே தடையில்லாத தெருவில் 32 மீட்டர் தொலைவிலும் 77 டெசிபல் கேட்கும். 30 வாட் முழுவதும் கொடுத்தால் அதே இடத்தில் 90 டெசிபலைத் தாண்டும். 5,000 வாட் என்று எழுதிய பெட்டி எட்டாத தூரத்தை இந்த 30 வாட் எட்டுகிறது. பந்தலிலிருந்து தெருமுனை வரை பல குழாய்களை ஒரே ஆம்ப்ளிஃபயரில் இணைப்பதற்கு 100 வோல்ட் லைன் என்ற முறை கையாளப்படுகிறது. அதில் ஆம்ப்ளிஃபயர் உயர்ந்த மின்னழுத்தத்தில் ஒலிக்குறிப்பை அனுப்பி, ஒவ்வொரு குழாயிலும் உள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மர் அதை இறக்கிக்கொள்கிறது. இதனால் நீண்ட கம்பியில் ஏற்படும் இழப்பு குறைகிறது. குழாய்கள் எடுக்கும் வாட்டின் கூட்டுத்தொகை ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டாதிருந்தால் போதும் என்பதால் சவுண்ட் சர்வீஸ் தொழிலாளர்களுக்கு இது எளிய கணக்கும் ஆகும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் அமைதி மண்டலங்களில் அதைவிட 5 டெசிபல் குறைவு. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைப்பவர், அந்த இடத்தின் எல்லையில் அப்பகுதிக்கு வகுக்கப்பட்ட ஒலி வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவ்விரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாகத் திறந்த வெளியில் ஒலிபெருக்கியே கூடாது. சென்னையின் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சார்ந்த வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் வகுக்கவில்லை என்று கூறியது. சைதாப்பேட்டை, வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் குறுகிய தெருக்களும், நீதிமன்ற வளாகமும் பள்ளிகளும் நெருங்கி அமைந்த பகுதி. காரணீஸ்வரர் கோயில் விழாவுக்கும் ஆடி மாதக் கூழ் வார்ப்புக்கும் அரசியல் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் ஒரே தெருவே மேடையாகும் இடம். அங்கே ஒரு வாட் பெற்ற குழாயே 75 டெசிபல் எல்லையை மீறும் என்பதைக் கணக்கு காட்டும்போது, எத்தனை வாட் செட் என்று கேட்டு அனுமதி வழங்குவதில் பயனில்லை. எல்லையில் நின்று டெசிபலை அளப்பதே முறை. விழா ஒலி பந்தலுக்குள் உள்ளவர்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், உயரத்தில் ஒரு குழாயைக் கட்டுவதைவிடத் தாழ்வாகப் பல சிறு ஸ்பீக்கர்களை அருகருகே வைப்பது எவ்வளவோ மேல்.

ஸ்பீக்கரின் மேல் எழுதப்படும் வாட் வேறு வகையானது. அது தரும் அளவு அன்று, தாங்கும் அளவு. 100 வாட் ஸ்பீக்கர் என்றால், அந்த அளவு வரை அதன் கம்பிச்சுருள் கருகாது என்று பொருள். இதிலும் தொடர்ந்து தாங்குவது, இசை நிகழ்ச்சியில் தாங்குவது, கண நேரம் தாங்குவது என்று மூன்று எண்கள் உண்டு. வழக்கத்தில் இரண்டாவது முதலாவதைப் போல் இரு மடங்காகவும், மூன்றாவது நான்கு மடங்காகவும் குறிக்கப்படும். பெட்டியில் பெரிதாக அச்சாவது மூன்றாவது எண் என்பதால் அதை நான்கால் வகுத்துக்கொள்வது பாதுகாப்பு. பெரிய ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரைக் கருக்கிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஆனால் சிறிய ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூமில் வைத்து முகடுகளை வெட்டவிடுவதாலும் ட்வீட்டர் எனப்படும் மேல்சுருதி ஸ்பீக்கர்கள் கருகுகின்றன, ஏனெனில் வெட்டுப்பட்ட அலையின் மேல் அதிர்வெண்கள் அந்த மெல்லிய சுருளின் மேல் ஓயாமல் இறங்குகின்றன.

ஆகவே ஆம்ப்ளிஃபயர் வாங்கச் செல்பவர் முகப்பு எண்ணைப் புறக்கணித்து, ஒரு சேனலுக்கு ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு, எத்தனை ஓம்ஸில், எத்தனை விழுக்காடு சிதைவில் என்று கேட்க வேண்டும். பின்புறத் தகட்டின் மின்செலவைப் பார்க்க வேண்டும். அசெம்பிள்டு பெட்டியானால் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று கேட்டு மேலே கண்டவாறு தாமே கணக்கிட வேண்டும். இவற்றுக்கு விடை தரும் 40 வாட் பெட்டி, விடை தராத 4,000 வாட் பெட்டியைவிட நம்பத்தக்கது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தன்மையையோ அளவையோ பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்தைக் குற்றமாகக் கருதுகிறது. அத்தகைய விளம்பரத்தை நம்பி வாங்கியவர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் புகார் செய்யலாம்.